ஐம்பத்தாறு சென்டிமீட்டர்

கம்பெனி கொடுத்த ஹெல்மெட் இலவசம்.
கட்டைவிரலால் அழுத்தினால்
டிபன் பாக்ஸ் மூடி மாதிரி உள்ளே போய்
டப்பென்று திரும்பி வரும்.
நெற்றியில் லேபின் பெயர், கீழே போன் நம்பர்.
நான் விழுந்தால்
யாரைக் கூப்பிடுவதென்று ரோட்டுக்குத் தெரியும்.

காலை ஆறிலிருந்து பத்துக்குள்
பதினாலு வீடு எனக்கு.
வெறும் வயிற்று ரத்தம் காத்திருக்காது.
பதினாலு முறை கழற்றி
பதினாலு முறை மாட்டி
காது மடல் சிவந்துபோய்
கோரமங்களா வாசல்களில் நிற்பேன்.

சம்பளம் வந்த மறுநாள் ஜே.சி. ரோடு.
கூரையெல்லாம் தலைகள் தொங்கும் ஒரு கடை.
"யாருக்கு மேடம், சாருக்கா?"
எனக்கு.
ரோஸ் நிறத்தில் பட்டாம்பூச்சி போட்டதை நீட்டினார் அஃப்சர் பாய்.
அதை வாங்காமல்
உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன்.
அப்புறம்தான் அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

டிராயரிலிருந்து இஞ்ச் டேப் வந்தது.
புருவத்துக்கு ஒரு விரல் மேலே,
காதுக்கு மேலே,
பின்மண்டை மேட்டைச் சுற்றி.
ஐம்பத்தாறு.

என் இடுப்பளவு தையல்காரர் நோட்டில் இருக்கிறது.
விரலளவு நகைக்கடைக்குத் தெரியும்.
உனக்குத் தலைக்கனம் என்று
மாமியார் முதல் மேனேஜர் வரை சொல்லியாயிற்று,
ஒருவரும் அளந்து சொன்னதில்லை.

டிராகன் நெருப்பு கக்கும் தொள்ளாயிரம் ரூபாய்க்காரன்
ஏழாவது நிமிஷத்தில் நெற்றியில்
ஒரு ரூபாய்க் காசளவு வலித்தான்.
"ஏழு நிமிஷத்துல காசு,
ஒரு மணி நேரத்துல ஆணிம்மா. கழட்டுங்க."
கண்ணாடி அலமாரியில் ஒன்று, பதினோராயிரம்.
அதைப் போட்டால்
தலைக்கு மாதாமாதம் தவணை கட்டவேண்டும்.

சாம்பல் நிறத்தில், படமே இல்லாமல்,
ஆயிரத்து நானூற்றைம்பது.
ஐ.எஸ்.ஐ. முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்,
வரவில்லை.
இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார்.
ஹெல்மெட்டோடு கன்னத்தோலும் சேர்ந்து திரும்பியது.
"அதான் அளவு. முதல்ல இறுக்கும்,
ரெண்டு வாரத்துல பழகிடும்."
பின்னாலிருந்து தூக்கிப் பார்த்தார்,
கழன்று வரவில்லை.
கொண்டை மட்டும் கழுத்துக்கு இறங்கியது.
"கிளிப்பு வேணாம்மா, விழுந்தா அதுவே குத்தும்."

பத்து நிமிஷம் அப்படியே உட்காரச் சொன்னார்.
உட்கார்ந்தேன்.
வெளியே ஹாரன்களெல்லாம்
பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி அடங்கிவிட்டன.
உள்ளே என் மூச்சு மட்டும்
எனக்கே கேட்கும்படி.
கல்யாணமாகி பதினோரு வருஷத்தில்
இவ்வளவு சின்ன, இவ்வளவு தனியான அறை
எனக்குக் கிடைத்ததில்லை.
எங்கும் வலிக்கவில்லை.

அப்போது ஒரு பையன் வந்தான்.
"போலீஸ்காரனுக்குக் காட்டற மாதிரி ஒண்ணு கொடுங்க பாய்."
தொப்பியளவு பிளாஸ்டிக், இருநூற்றைம்பது.
பணம் எண்ணிய கையில்
நரம்பு நன்றாகப் புடைத்துத் தெரிந்தது.
ஒரே குத்தில் கிடைக்கும்.
ஏதாவது சொல்லியிருக்கலாம்.
கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.
அஃப்சர் பாய் என்னைப் பார்க்காமல்
சில்லறை கொடுத்தார்.

எனக்கு ஐம்பது குறைத்தார். கேட்கவே இல்லை.

ராத்திரி பையைத் திறந்து
ரத்தக் குழாயில் ஒட்டும் லேபிள் ஒன்றை எடுத்தேன்.
பெயர்: கனகவல்லி.
வயது: முப்பத்திநாலு.
பிரிவு: பி நெகட்டிவ்.
உள்பஞ்சைத் தூக்கி ஓட்டில் ஒட்டினேன்.
எடுத்த நேரம் என்ற கட்டத்தில் மட்டும்
ஒன்றும் எழுதவில்லை.

காலையில் அகரா ஏரிப் பக்கம் பனி.
வைசர் மங்கியது.
ஒரு விரலளவு திறந்துவைத்து ஓட்டினேன்.
மூக்கு நுனி மட்டும் குளிர்ந்தது.